விடாப்பிடி ப்ரேக்

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? கனம் இல்லைங்க, தேங்காயும் பழமும்தான். கீழே வைத்தால் முதல் வளைவிலேயே உருண்டு டிரைவர் காலடிக்குப் போய்விடும். ஆ, அப்படித்தான். குத்துவிளக்கை நானே பிடித்துக்கொள்கிறேன். சீர் விளக்கு இது, எங்காவது இடித்து நெளிந்துவிட்டால் பொல்லாப்பு. ஏற்கெனவே இருக்கிற பொல்லாப்பு போதும்.

கோத்தகிரிக்குத்தானே? நானும் அங்கேதான். நானும் என்றால், நாங்களும். அதோ முன்னால், டிரைவர் முதுகுக்குப் பின்னால், அரக்குக் கலர் பட்டுச்சேலை தெரிகிறதா? என் வீட்டுக்காரி. பூங்கோதை. பக்கத்துச் சீட் காலியாகத்தான் இருந்தது. நான் உட்காரப் போனேன். கைப்பையை எடுத்து அந்தச் சீட்டின் மேல் வைத்துவிட்டாள். பேசவில்லை, முறைக்கவில்லை, பையை வைத்தாள், அவ்வளவுதான். குடித்தனம் நடத்துகிறவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? பின்னால் வந்துவிட்டேன்.

என்ன காரணம் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். ராத்திரி பூராவும் ஒரு மெசினோடு மட்டும் உட்கார்ந்திருக்கிற வேலைங்க எனக்கு. பகலில் ஒரு காது கிடைத்தால் விடமாட்டேன்.

எனக்குக் கார் இருக்கிறது. சொந்தக் கார்தான், ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கார் வைத்திருக்கிறவன் எதற்காக மடியில் விளக்கோடு பஸ்ஸில் வருகிறான் என்றுதானே? அதைத்தான் சொல்ல வருகிறேன். வண்டி பழசு. ஆனால் ஒன்று. ப்ரேக் பிடிக்கவில்லை என்று மட்டும் அந்த வண்டியை எவனும் குறை சொல்ல முடியாது. நான் வேலை பார்த்த ப்ரேக். பிடித்தது. அப்படி ஒரு பிடி இந்த மேட்டுப்பாளையத்தில் எந்த வண்டியும் பிடித்திருக்காது.

உருளைக்கிழங்கு மூட்டை அடுக்குகிற குளிர்கிடங்கு இருக்கிறதே, ஆற்றுக்கு இந்தப்பக்கம், அங்கே கம்ப்ரஸர் ஓட்டுகிறேன். ராத்திரி ஷிப்ட் மட்டும். மீட்டர் முள் மேலே போனால் வால்வைத் திறக்க வேண்டும், கீழே போனால் மூட வேண்டும். முள் மேலேயும் போகாது, கீழேயும் போகாது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான் எல்லாம். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் விட்டுவிட்டது. பழைய புத்தகக் கடை, பிரித்துப் போட்ட மோட்டார், இப்போது போனில் வீடியோ. எவனும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால் எவனும் வந்து எனக்குத் தப்பென்று சொல்லவும் முடியாது பாருங்கள்.

வீட்டில் நான் கை வைக்காத சாமான் கிடையாது. மிக்ஸி நின்றுபோனது, நான்தான் சரி செய்தேன். அதற்குப் பிறகு அது நின்றதே இல்லை. ஸ்விட்சை அணைத்தாலும் நிற்காது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஓடவில்லை என்றுதானே கொடுத்தார்கள்? ஓடுகிறது. பூங்கோதைக்குத் தையல் கடை இருக்கிறது, அவளுடைய மெசினுக்கு ஒரு மோட்டார் மாட்டிக் கொடுத்தேன். ஒரு ஜாக்கெட்டுக்குக் கை தைக்கிறதற்குக் கண் மூடித் திறக்கிற நேரம்கூட ஆகாது. அந்தக் கை எங்கே போய் முடிகிறது என்பது வேறு விசயம். வேகத்தைக் குறை சொல்ல முடியுமா?

அன்றைக்குச் சொன்னாள். "ஏனுங்க, இனி நீங்க கைய வெச்ச எதையும் நான் தொடமாட்டனுங்க. சொல்லிப்போட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். அவள் வேறொரு மிக்ஸி வாங்கிவிட்டாள். நான் சரி செய்தது பரண் மேல் கிடக்கிறது.

இப்படிப்பட்டவளைக் காரில் முன் சீட்டில் உட்கார வைக்க வேண்டும். நான் ரிப்பேர் செய்த காரில். அதுதாங்க எனக்கு வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, மலை ஏறி, கோத்தகிரியில் அவள் தம்பி வீட்டு வாசலில் இறங்க வேண்டும்.

தம்பி புது வீடு கட்டியிருக்கிறான். நாளை விடியற்காலை பால் காய்ச்சுகிறார்கள். போன தடவை அவர்கள் வீட்டு விசேசத்தில் தம்பி பெண்டாட்டி எல்லார் முன்னாலும் கேட்டாள், "அண்ணி வர்ற பஸ்சு எப்ப வருமோ, பந்தியக் கொஞ்சம் நிறுத்தி வெப்பமா?" என்று. நாங்கள் அப்போது பந்தலுக்குள் வந்தே விட்டோம். பூங்கோதை சிரித்துக்கொண்டே போய் இலை போட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவளுக்கு உறைத்திருந்தாலும் சொல்லமாட்டாள். அந்த வாரமே கார் பார்க்க ஆரம்பித்தேன்.

அது மட்டும் இல்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, இறங்கிப் போகிற ஆள் நீங்கள். நான் காலையில் வேலை முடிந்து வருவேன், அவள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்வோம். சாயங்காலம் அவள் வருவாள், நான் கிளம்புவேன், மறுபடியும் சாவி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீட்டில் இருப்போம், நான் தூங்கிவிடுவேன். கார் என்றால் ஒரு மலை ஏறுகிற நேரம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். நடுவில் எழுந்து போக முடியாதில்லையா?

சரி, ப்ரேக்குக்கு வருகிறேன்.

முன் சக்கரத்துக்குப் போகிற ரப்பர் குழாய் கசிந்தது. நானே மாற்றினேன். மாற்றும்போது உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. அது யாருக்கும் புகும். காரில் ப்ரேக் ஆயில்தான் வேலை செய்கிறது. மிதித்தால் ஆயில் குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தை இறுக்கும். ஆயில் அமுங்காது, நீங்கள் கொடுத்த மிதி அப்படியே போய்ச் சேரும். நடுவில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் போச்சு. அது அமுங்கிக் கொடுக்கும். பெடல் இலவம்பஞ்சுத் தலையணை மாதிரி உள்ளே போகும், வண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இதோ, கேட்டீர்களா? புஸ்ஸென்று. இந்த பஸ்ஸுக்கு ப்ரேக்கே காற்றில்தான். இங்கே காற்று எசமான். காருக்குள் அதே காற்று திருட்டுப்பயல். எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாருக்கும் மரியாதை.

அந்தக் காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஒர்க் ஷாப்பில் 'ஏர் எடுக்கிறது' என்பார்கள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் வண்டியில் உட்கார்ந்து மிதிப்பார், இன்னொருத்தர் கீழே சக்கரத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டு நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியே விடுகிற சின்னத் திருகை, திறந்து மூடுவார். "மிதி... புடிச்சுக்கோ... விடு... மிதி..." இப்படியே. எனக்கு அது ஒத்துவராது. நான் விடு என்னும்போது மிதித்து, மிதி என்னும்போது விடுகிறவர்களோடுதான் எனக்கு எப்போதும் பழக்கம்.

வீடியோவில் ஒருத்தன் காட்டினான். ஒரு டப்பா. அதில் புது ஆயிலை ஊற்றி, கைப்பம்பால் காற்றடித்து, குழாயை எஞ்சின் பக்கத்தில் இருக்கிற ஆயில் கிண்ணத்தின் மூடியில் மாட்டிவிட்டால், அழுத்தம் தானாக ஆயிலைத் தள்ளும். நீங்கள் சக்கரம் சக்கரமாகப் போய் நிப்பிளைத் திறந்தால் போதும். ஆள் வேண்டாம். அதுதான் அதன் அழகே, ஆள் வேண்டாம். அழுத்தம், மீட்டர், முள். என் ஆயுசு பூராவும் பழகின சமாச்சாரம். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசம் இருக்கிறதே!

டப்பாவை எதற்குக் காசு கொடுத்து வாங்குவது? எங்கள் மொட்டை மாடியில் ஒன்று சும்மாதானே கிடந்தது. செம்பருத்திக்கு மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர். பச்சைக் கலர் டப்பா, தலையில் பம்பு. நான் சும்மா கிடந்தது என்கிறேன். பூங்கோதை அப்படிச் சொல்லமாட்டாள்.

கழுவாமல் எடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவினேன், வெயிலில் கவிழ்த்துக் காய வைத்தேன், மறுபடியும் கழுவினேன். அப்படியும் லேசாக ஒரு வாசம். புதுப் பிளாஸ்டிக் இப்படித்தான் வரும் என்று விட்டுவிட்டேன். கிடங்கைக் குளிர வைக்கிற அம்மோனியா நெடியிலேயே காலம் தள்ளின மூக்குங்க இது, மல்லிகைப்பூவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாது.

அந்த வாரம் கேட்டாள். "ஏனுங்க, எம்பட ஸ்ப்ரேயரப் பாத்தீங்களா? செம்பருத்தி பூராவும் மாவுப்பூச்சி."

"நான் எங்க பாத்தேன்? காத்துல பறந்திருக்கும்."

பொய் சொன்னேன் என்று சொல்லாதீர்கள். அவள் கேட்டது ஸ்ப்ரேயரை. என்னிடம் இருந்தது மீட்டரும் குழாயும் மாட்டின ஏர் எடுக்கிற மெசின். ஸ்ப்ரேயர் என்று ஒரு சாமானே அப்போது உலகத்தில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினேன். கிண்ணத்து மூடிக்கு இன்னொரு மூடி வாங்கி, துளை போட்டு, குழாயைச் செருகி, கசியாமல் இறுக்கி, பம்படித்தால் முள் எழுந்து நிற்கிறது! எவ்வளவு அடிக்கலாம் என்பது எனக்குத் தெரியும், அதிகம் அடித்தால் கிண்ணம் வெடித்துவிடும். கொஞ்சமாக அடித்தேன். தூரமாக இருக்கிற சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும், பின்னால் இடது பக்கம். படுத்துக்கொண்டு நிப்பிளில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, முனையைப் பாட்டிலுக்குள் விட்டு, திறந்தேன்.

குமிழி வருகிறது பாருங்கள்... ஒன்று, இன்னொன்று, பிறகு சின்னச் சின்னதாய் ஒரு வரிசை. உள்ளே ஒளிந்திருந்த திருட்டுப்பயல்கள் ஒவ்வொருத்தனாய்க் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிற மாதிரி. நான் சிரித்துவிட்டேன்.

அப்போதுதான் இவள் வந்தாள். காரடியில் படுத்திருந்தால் காலை மட்டும்தானே பார்க்க முடியும்? காலைப் பார்த்தேன்.

"மிதிக்கறதுக்கு ஆளு வேணுமுங்களா?" என்றாள். "உங்க போன்ல ஓடுச்சே, அதுல ஒரு பொம்பள உக்காந்து மிதிச்சுட்டு இருந்தாளே."

"அதெல்லாம் பழைய முறை. இங்க மெசின் இருக்குது. நீ உள்ள போ."

போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். செருப்பை வேறு கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். வெறுங்காலோடு வண்டிக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பிறகு மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். எதற்கு வந்திருப்பாள் என்கிறீர்கள்? வேவு பார்க்கத்தான். ஸ்ப்ரேயர் மேல் சந்தேகம். நல்லவேளை, நான் அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தேன்.

நான்கு சக்கரமும் முடித்துப் பெடலை மிதித்தேன். கல். ஜபருல்லா பாயைக் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னேன். பக்கத்து வீடு, எங்களுக்கும் அவருக்கும் ஒரே கேட், ஒரே சந்து. கறிவேப்பிலைக் கட்டு ஏற்றிக்கொண்டு போகிற லோடு ஆட்டோ வைத்திருக்கிறார். மிதித்துப் பார்த்துவிட்டு, "குப்புராசண்ணே, பாறையில கால வெச்ச மாதிரி இருக்குதுங்கோ" என்றார். தெருவில் ஓட்டிக் காட்டினேன். குறுக்கே ஒரு கோழி. மிதித்தேன். அதன் மூக்குக்கு முன்னால் நின்றது. கோழி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்து போனது, ஓடவில்லை. அந்த நம்பிக்கை அதற்கே வந்துவிட்டது.

பூங்கோதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எறக்கத்துல புடிக்குமுங்களா?" என்றாள்.

"புடிச்சா விடாது" என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கெழமை இதுலயே போலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் எனக்கு ராத்திரியே தெரியவில்லைங்க. முள் பாட்டுக்கு முள், நான் பாட்டுக்கு நான். ஆனால் இவளைப் பாருங்கள், கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். "ஞாயித்துக்கெழமை கடை லீவுங்க, நாங்க எங்க கார்ல கோத்தகிரி போறோம்" என்று. ஒரு அம்மா என்னை வழியில் நிறுத்திக் கேட்டது. கடன் வாங்கின மாதிரி ஊர் பூராவும் சாட்சி சேர்த்திருக்கிறாள், கவிழ்ந்தால் எல்லாருக்கும் தெரியட்டும் என்று. என்ன ஒரு எண்ணம் பாருங்கள்.

பிடித்துக்கொள்ளுங்கள், வளைவு. பழம் பத்திரம்.

இன்றைக்குக் காலையில் கிளம்பினோம். வண்டி ஒரு வாரமாகக் கொட்டகையில் நின்றிருந்தது. சீர்த்தட்டெல்லாம் பின்னால் அடுக்கினேன். பட்டுச்சேலை, தலையில் பூ, முன் சீட்டு. உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்தினேன். இந்தச் சத்தம் இருக்கிறதே, அவள் உட்கார்ந்து நான் கதவைச் சாத்துகிற சத்தம், அதற்காகத்தானே இவ்வளவும்.

வண்டியை எடுத்தேன். கொஞ்சம் முனகியது. கியர் என்று நினைத்தேன். கேட் வரைக்கும் வந்தோம், சந்தில் ஒரு பைக் வந்தது, ப்ரேக்கை மிதித்தேன். நின்றது. பைக் போய்விட்டது. காலை எடுத்தேன். வண்டி நிற்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். எஞ்சின் கத்துகிறது, வண்டி நிற்கிறது. பாதி வண்டி சந்தில், பாதி கேட்டுக்குள்ளே. இறங்கித் தள்ளினேன். மலையைத் தள்ளுகிற மாதிரி. ஒரு சக்கரமாவது நகர வேண்டுமே!

பின்னால் ஜபருல்லா பாய் ஆரன் அடிக்கிறார். ஆட்டோ நிறையக் கறிவேப்பிலை, வெயில் ஏறினால் வாடிவிடும். "அண்ணே, எடுங்கண்ணே!"

"எடுக்கத்தான் பாய் பாக்கறேன்!"

"ப்ரேக்க விடுங்கண்ணே!"

"நான் விட்டுட்டேன் பாய், அது விடமாட்டேங்குது!"

சனம் கூடிவிட்டது. ஆளாளுக்கு யோசனை. ஒருத்தன் சக்கரத்தை உதைத்தான். ஒரு அம்மா எலுமிச்சம்பழம் வைத்தீர்களா என்று கேட்டது. இவ்வளவு கலாட்டாவிலும் பூங்கோதை இறங்கவே இல்லைங்க. முன் சீட்டில் கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். "எறங்கு, கனம் கொறையட்டும்" என்றேன். "நான் எறங்கினா ஊரு சிரிக்கும், நீங்க பாருங்க" என்றாள். எவனோ ஒருத்தன் ஜன்னலோரம் வந்து, "ஏனுங்கக்கா, உங்கூட்டுக்காரரு ரிப்பேரு பண்ணின வண்டிங்களா?" என்று இளித்தான். அவனுக்குப் பதில் சொன்னாள் பாருங்கள்: "வண்டிக்கு ஒண்ணுமில்ல. போலாமா வேண்டாமான்னு ரோசன பண்ணிட்டு நிக்குது. உனக்கென்ன அவசரம், நீ போ."

எல்லாரும் சிரித்தார்கள். என்னைக் கிண்டல் செய்கிறதென்றால் இவளுக்கு ஊர் முன்னால் செய்ய வேண்டும்.

பாய்தான் போன் போட்டு லூர்துவை வரவழைத்தார். மெக்கானிக். வந்தான், பானெட்டைத் திறந்தான், ஆயில் கிண்ணத்து மூடியைக் கழற்றினான். மூடிக்கு அடியில் ஒரு மெல்லிசு ரப்பர் இருக்கும், அப்பளம் மாதிரி. அது ஆப்பம் மாதிரி உப்பிக் கிடந்தது. லூர்து அதை எடுத்து மூக்குக்கிட்டே கொண்டுபோனான். என்னைப் பார்த்தான். மறுபடியும் மோந்து பார்த்தான்.

"அண்ணா, இதுல என்ன ஊத்துனீங்க?"

"ப்ரேக் ஆயில்தான். புது டப்பா. சீல் ஒடச்சது நான்."

"ப்ரேக் ஆயில்ல எப்படிங்கண்ணா வேப்பெண்ண வாசம் வரும்?"

ஜன்னல் திறந்துதான் இருந்தது. பூங்கோதை கதவைத் திறந்தாள். இப்போது இறங்கினாள். இத்தனை நேரம் இறங்காதவள். நேராகக் கொட்டகைக்குப் போனாள், சாக்கைத் தூக்கினாள், ஸ்ப்ரேயரை எடுத்துக்கொண்டு வந்தாள். மீட்டரும் குழாயும் தொங்குகிறது. பானெட் மேல், என் முன்னால் வைத்தாள்.

"காத்துல பறந்துச்சுன்னீங்க" என்றாள்.

அவ்வளவுதான்.

நீங்களே சொல்லுங்கள், நியாயமாகச் சொல்லுங்கள். வேப்பெண்ணெயை அதில் ஊற்றினது யார்? மாவுப்பூச்சிக்கு என்று போன மழைக்கு முன்னாலிருந்து ஊற்றி ஊற்றி, அந்தக் குழாய்க்குள்ளே, பம்புக்குள்ளே, எங்கேயோ தங்கியிருக்கிறது. ஒரு சாமானுக்குள் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? நான் கேட்கவில்லை, சரி. கேட்டால் எதற்கு என்பாள். எதற்கு என்று சொன்னால் கொடுக்கமாட்டாள். அப்புறம் எப்படிக் கேட்பது?

ப்ரேக்குக்குள் இருக்கிற ரப்பருக்கு மற்ற எண்ணெய் பட்டால் ஆகாதாம். ஊறி உப்பிவிடுமாம். உப்பினால் ஆயில் திரும்பி வருகிற வழி அடைத்துக்கொள்ளும், மிதித்த மிதி மிதித்தபடியே நிற்கும். லூர்து நிப்பிளைத் திறந்துவிட்டான். பீய்ச்சியடித்தது, சந்து பூராவும் வேப்பெண்ணெய் வாசம். எனக்கே வந்தது. அழுத்தம் இறங்கினதும் சக்கரம் விட்டது, நாலு பேர் தள்ளிக் கொட்டகையில் ஏற்றிவிட்டார்கள். எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டுமாம். பாய் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போகும்போது, "அண்ணே, உங்க வண்டிக்கு இனி பூச்சி அண்டாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் காற்று? காற்று ஒரு சொட்டு கிடையாது. லூர்துவே ஒத்துக்கொண்டான். "ஏர் சுத்தமா எடுத்திருக்கீங்கண்ணா" என்றான். அதை மட்டும் யாரும் இங்கே பேசமாட்டார்கள்.

இதோ பாருங்கள், இந்தப்பக்கம். கீழே தெரிகிறதே, அந்தப் பச்சைதான் பாக்குத் தோப்பு. அதற்கு அங்கிட்டு எங்கள் ஊர். எவ்வளவு உயரம் வந்துவிட்டோம்.

லூர்து இன்னொன்றும் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை, அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். நான் விளக்கை எடுக்கப் போனபோது காதில் விழுந்தது. உப்பின ரப்பர் எப்போதும் பிடித்துக்கொண்டே நிற்கும் என்று இல்லையாம். சில சமயம் கிழிந்துவிடுமாம். கிழிந்தால் பெடல் அடி வரைக்கும் போகுமாம், ஒன்றுமே இருக்காதாம். "கேட்டுலயே நின்னுது, புண்ணியமுங்கக்கா" என்றான்.

மெக்கானிக்குகள் அப்படித்தான் பேசுவார்கள். பயமுறுத்தினால்தானே வேலை. ஏறும்போது அவ்வளவு ப்ரேக் தேவைப்படாது. இறங்கும்போதுதான்... நாளைக்கு இறங்கியிருப்போம். இந்த வளைவில், அவள் அந்தப்பக்கம், பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்து...

பேச்சை விடுங்கள். பழம் எல்லாம் இருக்கிறதா?

அவளாக நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். நான் விளக்கோடு பின்னால் வந்தேன். தம்பிக்குப் போன் செய்து என்ன சொன்னாள் தெரியுமா? "கார்ல தான் கெளம்புனோம். எனக்குத்தான் கார்ல மலை ஏறுனா தல சுத்துமே, அதான் பஸ்சுல வாரோம்" என்றாள். அவளுக்குத் தலை சுற்றி நான் பார்த்ததே இல்லை. பொய் சொல்லுகிறதற்கு என்ன துணிச்சல் பாருங்கள். என்னைச் சொல்லுகிறாள்.

முடிவு என்ன ஆகும் என்றா கேட்கிறீர்கள்? காரை வித்துப்போடுங்க என்பாள். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, எல்லாருக்கும் முன்னால் சொல்வாள். ஒருவேளை சொல்லக்கூட மாட்டாள். அந்த முன் சீட்டில் ஏறமாட்டாள், அவ்வளவுதான். பரணில் மிக்ஸி இருக்கிற மாதிரி கொட்டகையில் கார் இருக்கும். நான் மறுபடியும் வாசலில் சாவியை வாங்கிக்கொண்டு...

பஸ் நிற்கிறதே. டீக்கா? இல்லைங்க, நீங்கள் எழுந்திருக்காதீர்கள், இன்னும் நான் அந்த நிப்பிள் திறக்கிற முறையை முழுசாகச் சொல்லவில்லை.

பொறுங்கள். அவள் எழுந்துவிட்டாள். இறங்கவில்லை. இந்தப்பக்கம் வருகிறாள். திரும்பாதீர்கள், திரும்பாதீர்கள், ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். நாம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், சரிதானே? மழைதான்...

என்ன பூங்கோதை? இவரா? இவரு கோத்தகிரி போறாரு. சும்மா மழையப் பத்தி... இல்ல இல்ல, காரப் பத்தி நான் எதுக்குப் பேசறேன்? என்னது, கேட்டுச்சா? அங்க வரைக்குமா? எதுல இருந்து? மிக்ஸியில இருந்தேவா?

கேட்டீர்களா சார்? டிரைவருக்குக்கூட எல்லாம் கேட்டதாம். கோழி கதையில் அவர் சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங்கை விட்டுவிடுவாரோ என்று இவள் பயந்துபோய் வந்திருக்கிறாள். என்னுடைய குரல் அப்படி. மெசின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகினது.

என்ன பூங்கோதை? லூர்துகிட்டயா? என்னைக் கேக்காம எதுக்கு நீ... ஓ. ரப்பரெல்லாம் வாங்கி வெக்கச் சொல்லிப்போட்டயா. விக்கச் சொல்லலையா? இல்ல, நான் ஒண்ணும் சொல்லலை. சரி. அவன்தான் மாட்டணுமா? நான் பக்கத்துல நிக்கலாமா? தூரமா. சரி, தூரமா நிக்கறேன்.

ஆமா, கீழ கொட்டிருவேன்னுதான் அவரு மடியில குடுத்தேன். குடு, நான் வெச்சுக்கறேன். என்ன? யார எந்திரிக்கச் சொல்லணும்? இவரையா? பாவம், அவரு முதல்லயே வந்து உக்காந்த... சரி, சரி.

சார். எழுந்திருங்கள். கோவித்துக்கொள்ளாதீர்கள். முன்னால் அவள் சீட் இருக்கிறது, ஜன்னலோரம், நல்ல காற்று. அந்த எஞ்சின் சூடு இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, அதனால்தான் இங்கே வருகிறாள், வேறொன்றும் இல்லை. பையை என்னிடம் கொடுங்கள். மீதிக் கதையா? மீதியெல்லாம் ஒன்றும் கிடையாதுங்க, எல்லாம் சொல்லியாயிற்று. எழுந்திருங்கள் சார், அவள் நின்றுகொண்டே இருக்கிறாள் பாருங்கள்.